விறகு என்று நான் எழுதிய பலகை

வன இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவங்களைப் பேசச் சொல்லிப் போன மாதம் கூப்பிட்டார்கள். வந்தேன். சால்வை போட்டார்கள். காட்டுத் தீயை அணைத்த கதை, சந்தன மரம் கடத்தியவர்களைத் துரத்திய கதை என்று ஒரு மணி நேரம் அளந்தேன். நீங்களும் கைதட்டினீர்கள். அதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஓடத் தெரிந்தவன் துரத்துவான், அதில் என்ன பெரிய சாமர்த்தியம்? மேடையில் சொல்லத் துணிச்சல் இல்லாமல் விழுங்கிவிட்ட கதை ஒன்று இருக்கிறது. அது ஒரு பலகையைப் பற்றியது. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் எரிகிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு மர டிப்போ என் பொறுப்பில் இருந்தது. காட்டில் வெட்டிய மரத்தைக் கொண்டுவந்து அடுக்கி, ரகம் பிரித்து, வாங்குகிறவர்களுக்கு பாஸ் எழுதிக் கொடுக்கும் இடம் அது. பாஸ் என்பது மரத்தை மலையிலிருந்து கீழே இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு. சீட்டில் எழுதியிருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் அடிவாரச் செக்போஸ்ட்டில் விடுவார்கள். என் கையெழுத்து இல்லாமல் ஒரு குச்சி போளூருக்கு இறங்காது. முப்பது வயதுக்காரன் கையில் அப்படி ஒரு பேனாவைக் கொடுத்தால் தலை கனக்காமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு, மரம் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் வேறு. முற்றிய மரத்தின் நடுவில் கருத்து இறுகிக் கிடக்கும் பாகத்தை எங்கள் தொழிலில் வைரம் என்போம். வைரம் பாய்ந்த மரம்தான் எங்களுக்கு மரம். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே உள்ளே வைரம் எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவேன். முள்முருங்கை, இலவு போன்ற லேசான மரங்கள் எங்கள் கண்ணில் படவே படாது. இலாகா பட்டியலிலும் அவை விறகு என்ற தலைப்பின் கீழேதான் கிடந்தன. அந்தப் பட்டியலை யார் எழுதினார்களோ, எந்த மேசையில் உட்கார்ந்து எழுதினார்களோ! ஒருமுறை ஒருவர் பலாமரத்தில் உரல் குடைந்து எடுத்துப் போனார். பட்டியலில் உரல் இல்லை. "துளையுள்ள உருளைக் கட்டை" என்று எழுதி அனுப்பினோம். எழுதிவிட்டுச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டோமே தவிர, பட்டியலைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம் போட எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அப்படி இருந்தபோது ஒரு மாசி மாதக் காலையில் போளூர் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். வலது கால் சிறு வயதிலேயே சூம்பிப்போனது. கையில் ஊன்றுகோல், தோளில் ஒரு பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த, மரம் செதுக்கும் வாச்சியின் பிடி. பெயர் தேசிங்கு, ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம் என்றார். போளூர்ச் சந்தைக்குக் கருவாடு ஏற்றிவரும் லாரி டிரைவர் ஒருவர் இந்த டிப்போவைப் பற்றிச் சொல்லி அனுப்பினாராம்.

"சார், கட்டை ஒண்ணு வோணும்."

"இன்னாத்துக்கு? ஏருக்கா, வண்டிக்கா?"

"கடலுக்கு சார்."

மரம் ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் செங்கம்மா என்று ஒருத்தி. பக்கத்து மலைக் கிராமத்தில் சாமை பயிரிடும் குடும்பம், அறுவடை முடிந்த மாதங்களில் டிப்போ வேலைக்கு வருவாள். அவள் வாய்க்கு ரேஞ்சரே ஒதுங்கிப் போவார்.

"கடலுக்கு இன்னாத்துக்குப்பா கட்டை? அணை கட்டப் போறியா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். தேசிங்கும் கூடச் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

கட்டுமரத்தில் போகிறவனுக்கு இரண்டு காலும் ஊன்ற வேண்டும். அதனால் இவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் மாசி பிறந்தால் அந்தப் பக்கத்துக் கடல் அடங்கிவிடும். முழங்கால் உயரத்துக்குச் சோம்பேறி அலைதான் வரும். அந்த மூன்று மாதமும் இவர் ஒரு பலகை மேல் குப்புறப் படுத்து, கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அலைகளைத் தாண்டிப் போவார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சின்ன வலை ஒன்றை விட்டுவிட்டு, அலை மேலேயே சறுக்கிக் கரைக்கு வருவார். பழைய பலகை விரிசல் விட்டு உடைந்து போயிற்று. இப்போது வேறு வேண்டும்.

"மத்த மாசமெல்லாம் அடுத்தவன் வலையில கிழிசலப் பொத்திக்கினு கரையில குந்தியிருப்பேன் சார். குடுக்கிறத வாங்கிக்குவேன். இந்த மூணு மாசந்தான் என் வலை, என் மீனு. மாசி பொறந்து நாலு நாள் ஆயிடுச்சு."

இதைக் கேட்டதும் நல்ல மனிதனாக இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? எப்படிப்பட்ட மரம் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் மரம் தெரியுமே! நேராக வேங்கைப் பலகை அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். எட்டடி நீளம், ஓரடி அகலம், முழுக்க வைரம். ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன்.

"இந்த மாதிரி பலகை இந்த மலையிலயே கெடையாது. உன் பேரன் காலத்துக்கும் வரும்."

அவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பலகை மேல் குப்புறப் படுத்தார். இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டு அசைத்துப் பார்த்தார். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"சார், இது கதவுக்கு நல்லா ஆவும். நான் இது மேல ஏறினா இதுவும் என்கூடவே முழுகும்."

செங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மரத்தப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். அவர் என்னை 'நீங்க' என்கிறார், நான் அவரை 'நீ' என்கிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "பெரிய அலைக்கு எந்தக் கட்டையும் ஓடும் சார். அதுவே தூக்கி அடிச்சிக்கினு போய்டும். செத்த அலைக்குத்தான் கட்டை பாத்து எடுக்கணும். கனமா, ஒல்லியா, நீட்டமா இருந்தா அலை அடியில பூந்து போய்க்கினே இருக்கும், நாம இருந்த எடத்துலயே இருப்போம். அகலமா இருக்கணும், நெஞ்சு அடங்கணும். நாலு அங்குலம் தடிமன் வோணும். அடிப்பக்கம் தட்டையா இருக்கணும், மூக்கு மட்டும் லேசா தூக்கி இருந்தா போதும். முக்கியமா பஞ்சு மாதிரி கனமில்லாம இருக்கணும். அப்பத்தான் அந்த வலுவில்லாத அலை கூட 'சரி, வா'ன்னு நம்மளத் தூக்கிக்கும்."

சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்தவர் கண் ஓரிடத்தில் நின்றது. டீ போடும் கொட்டகையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முள்முருங்கைத் துண்டு. பெரிய அடிமரத்தை இரண்டாகப் பிளந்ததில் ஒரு பாதி. ஒரு வருடமாக அங்கே காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் அதன் மேல் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். தேசிங்கு அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அது அடுப்புக்கு வெச்சிருக்கிற விறகுய்யா!" என்றேன்.

"விறகா?" என்று அவர் அந்த மரத்தைத் தடவிக் கொடுத்தார்.

நான் விடவில்லை. டிப்போவுக்குக் கீழே ஒரு சின்ன ஏரி உண்டு. போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். வேங்கைப் பலகையையும் முருங்கைத் துண்டையும் ஏரிக்குக் கொண்டுபோனோம். ஏரியில் அலைக்கு எங்கே போவது? செங்கம்மாவும் இன்னும் மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலித் தார்ப் பீப்பாய் ஒன்றை அமுக்கி அமுக்கி எடுத்தார்கள். சின்னச் சின்ன அலை கிளம்பியது. வேங்கை தண்ணீர் மட்டத்தோடு கிடந்தது. அலை வரும்போது தலையை ஆட்டுவதோடு சரி, இடத்தைவிட்டு அசையவில்லை. முருங்கைத் துண்டு ஒவ்வொரு அலைக்கும் ஒரு சாண் இரண்டு சாண் என்று நகர்ந்து கரைக்கு வந்து என் காலில் முட்டியது. பிறகு தேசிங்கு அதன் மேல் படுத்தார். அப்போதும் வந்தது.

"சார் பலகை பரீட்சையில பெயிலு!" என்று செங்கம்மா ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் தோற்றது எனக்கு வெட்கமில்லை. தொழில் என்றால் தோற்போம். வருகிறவருக்கு வேண்டியது என்னவென்று கேட்காமலே நம்மிடம் உசத்தியானதை அவர் தலையில் கட்டப் பார்ப்பது பெரிய அகம்பாவம். அதுகூட மன்னிக்கக்கூடியதுதான். மன்னிக்க முடியாதது அடுத்து நடந்தது.

மூன்று நாள் டிப்போவிலேயே தங்கி, தேசிங்கு வாச்சியால் அந்தத் துண்டைச் செதுக்கினார். ஆறடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம். அடிப்பக்கம் தட்டை, ஓரமெல்லாம் வழவழப்பு, மூக்கு இரண்டு விரல் உயரம் தூக்கல். நாலாம் நாள் காலையில் பஸ்ஸுக்கு அரைமணி இருக்கும்போது பாஸ் புத்தகத்தை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ரேஞ்சர் ஜீப் வந்து நின்றது. அவர் பெயர் வேண்டாம், எந்த ஊர்க்காரர் என்பதும் வேண்டாம்.

"இன்னாய்யா இது, கோயில் கதவா?" என்றார்.

சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நொண்டி கடல்ல சவாரி போறதுக்கு நம்ம டிப்போ குதிரை சப்ளை பண்ணுதா? பேஷ், பேஷ்!" தேசிங்கு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ்ல என்னன்னு சார் எழுதறது?" என்று கேட்டேன்.

"முருங்கை விறகு ஐட்டம். விறகுன்னு எழுது. பட்டியல்ல இல்லாதத எழுதிட்டு ஆடிட்டுல நீ வந்து பதில் சொல்வியா?"

கவனியுங்கள். விறகு என்றால் துண்டு மூன்றடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல மரத்தை விறகு என்ற பெயரில் கடத்தாமல் இருக்க வைத்த விதி. அது ரேஞ்சருக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. ஆறடிப் பலகைக்கு விறகு என்று எழுதினால் கீழே என்ன ஆகும் என்று தெரிந்துதான் பேனாவைப் பிடித்தேன். "சார், மூணடி விதி இருக்குதே" என்று நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் என் தலை மேல் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் என் பதவி உயர்வுக்கான அறிக்கையை அவர்தான் எழுத வேண்டும். எழுதினேன். 'விறகு, துண்டு ஒன்று.' செக்போஸ்ட்டில் யார் அளக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை மடித்து தேசிங்கிடம் கொடுத்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

பங்குனி பிறந்து இரண்டு நாள் இருக்கும். அதே பஸ், அதே ஊன்றுகோல், அதே பை. பலகை இல்லை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?" என்றேன், தெரியாதவன் போல.

"வெட்டிட்டாங்க சார்."

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, மேலே கட்டியிருந்த பலகையை இறக்கச் சொன்னார்களாம். காவலர் பாஸைப் படித்துவிட்டு நாடாவை எடுத்து அளந்தாராம். "விறகுன்னு போட்டுக்கீது. விறகுன்னா மூணடி. ஒண்ணு இத இங்கயே வுட்டுட்டுப் போ, இல்லாங்காட்டி மூணடியா அறுத்து எடுத்துக்கினு போ" என்றாராம். இவர் கெஞ்சியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று கத்தியிருக்கிறார்கள். காவலர் ரம்பத்தை எடுத்துவந்து நட்டநடுவில் வைத்து அறுத்திருக்கிறார்.

"எத்தினி நேரம் சார், ஒரு நிமிஷங்கூட ஆவல. லேசான மரமில்ல?" என்றார் தேசிங்கு. "ரெண்டு துண்டையும் தூக்கிக்கினு போய்க் கயிறு போட்டுக் கட்டிப் பாத்தேன். ஒவ்வொரு அலைக்கும் நடுவுல மடங்குது. ரெண்டாம் நாள் பிரிஞ்சி போய்டுச்சு. அவன் கையில கட்டி வர, அந்த அறுத்தவன்!"

மூன்று மாதத்தில் ஒரு மாதம் போய்விட்டது. அந்த ஒரு மாதமும் அவர் கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வலையைப் பொத்திக்கொண்டு, அடங்கிக் கிடக்கிற கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மனிதன் பிழைப்பதற்கு வைத்திருந்த ஒரு பலகையை அளந்து, சட்டப்படி, இரண்டாக அறுத்து அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறோம்! அத்தனை பேரும் விதிப்படிதான் செய்தோம். ரேஞ்சர் சொன்னது விதி, நான் எழுதியது விதி, காவலர் அறுத்தது விதி. இதைவிட அக்கிரமம் என்ன இருக்க முடியும்? அடுத்தவனுக்குச் சொந்தமான மரத்தைத் திருடுகிறவன்கூட அதை முழுசாகத்தான் எடுத்துப் போவான்.

அவர் காவலரைத் திட்டத் திட்ட நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஆமா, அநியாயந்தான்" என்றுகூடச் சொன்னேன். எழுதியது நான், தெரிந்தே எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது என் இரண்டாவது கோழைத்தனம். முதலாவதுக்காவது ரேஞ்சர் நின்றிருந்தார் என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு அதுவும் கிடையாது.

டிப்போ முழுக்கத் தேடினோம். காய்ந்த முருங்கை இன்னொன்று இல்லை. பச்சை மரத்தை வெட்டினால் அது காய்வதற்குள் அவருடைய பருவம் முடிந்துவிடும். புளி ஏற்றிக்கொண்டு புதூர்நாட்டிலிருந்து வந்த ஜீப்காரர்களிடம் விசாரித்தேன். அங்கேயும் வேலியில் நிற்கும் பச்சை மரம்தான் இருக்கிறது என்றார்கள். தேசிங்கு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போது செங்கம்மா, "எங்க வூட்டுல கீது, வாங்க" என்றாள்.

அவள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண். சாமை மூட்டை வைக்கிற பரண். அதன் நடுப் பலகை முள்முருங்கை. வருடக் கணக்கில் புகை பட்டுப் பட்டுக் கறுத்து, ஒரு பூச்சி அரிக்காமல், ஐந்து அங்குலத் தடிமனில் அகலமாகக் கிடந்தது. அவள் புருஷனும் அவளுமாக மூட்டைகளை இறக்கினார்கள்.

"பரணுக்கு இன்னாம்மா பண்ணுவீங்க?" என்று தேசிங்கு கேட்டார்.

"அதான் சார்கிட்ட பேரன் காலத்துக்கும் வர்ற பலகை ஒண்ணு கீதே" என்றாள் செங்கம்மா, என்னைப் பார்க்காமலே.

மறுநாளே அந்த வேங்கைப் பலகையைப் பணம் கட்டி என் பெயரில் எடுத்து அவள் பரணில் போட்டேன். சாமை மூட்டைக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. முருங்கைப் பலகையை தேசிங்கு இரண்டே நாளில் செதுக்கி முடித்தார். அன்று ரேஞ்சர் இல்லை. பாஸ் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் கிளார்க், "சார், இந்த மாதிரி ஐட்டமே பட்டியல்ல கெடையாது. மேல இருந்து கேப்பாங்க" என்றார். கேட்கட்டும் என்றேன். எழுதினேன்: 'கடலில் ஒருவர் படுத்து மிதந்து மீன்பிடித் தொழில் செய்வதற்கான பலகை ஒன்று. பழைய வீட்டு மரம். நீளம் ஆறடி. இதை வெட்டக் கூடாது.' நான் பணியில் எழுதிய ஆயிரக்கணக்கான பாஸ்களில் உள்ளதை உள்ளபடி எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், பதவி உயர்வு தள்ளிப்போனது. போகட்டும்.

இந்த முறை லீவு போட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் தேசிங்கை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன். அந்தக் காவலரை ஒரு பிடி பிடிப்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோர்த்து வைத்திருந்தேன். அவர் வயதானவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாஸை நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"போன மாசம் ஒண்ணு அறுத்தேனே, அதே ஆளா சார்?"

"அதே ஆளுதான். எப்படிய்யா மனசு வந்துச்சு உனக்கு?"

"அன்னைக்கே இப்படி எழுதியிருந்தீங்கன்னா நான் ஏன் சார் ரம்பத்த எடுக்கப் போறேன்? மூணடின்னு எனக்குத் தெரியும், எழுதினவருக்குத் தெரியாதா? அறுக்காம வுட்டிருந்தா என் வேலை போயிருக்கும். எனக்கும் நாலு உருப்படி வூட்டுல சாப்பிடுது." சீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "அந்த ஆளு அழுதாரு சார். நான் அறுத்துக்கினேதான் இருந்தேன்."

சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி தேசிங்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னா சார் சொன்னான்?" என்றார். "வுட்டுட்டாரு" என்றேன்.

அவர் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை கடற்கரையில் நின்றேன். அதற்கு முன் நான் கடலைப் பார்த்தது இரண்டு முறைதான். அலை என்று சொல்வதற்கே கூச்சமாக இருந்தது. அப்படி ஒரு சவசவத்த அலை. நம் ஏரியில் பீப்பாய் கிளப்பிய அலைக்குக் கொஞ்சம் அண்ணன், அவ்வளவுதான். தேசிங்கு ஊன்றுகோலை மணலில் குத்தி நிறுத்திவிட்டு, பலகையைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். குப்புறப் படுத்துக் கையை வீசினார். மண் மேல் ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்து சாய்ந்து நடந்த மனிதர் தண்ணீரில் நேராகப் போனார். வலையை விட்டார். திரும்பும்போது ஒரு சின்ன அலை பின்னால் வந்தது. அது பலகையைத் தொட்டதும் இரண்டே வீச்சு வீசினார். அலை அவரைத் தூக்கிக்கொண்டது. தலையை நிமிர்த்தி, கையை எடுத்துவிட்டு, என் கால்வரைக்கும் வந்து நின்றார். நான் குழந்தை மாதிரிக் கைதட்டிவிட்டேன்.

அன்று இரண்டாம் முறை போய் வலையை இழுத்து வந்தார். மீன் நிறைய இல்லை. இருந்தாலும் அவருடைய மீன். மணலில் உட்கார்ந்து மீனைக் கழற்றிக்கொண்டே, "அந்த ரம்பக்காரன் மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா இந்நேரம் ஒரு மாசத் தொழில் முடிஞ்சிருக்கும் சார்" என்றார்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"அவரத் திட்டாதீங்க தேசிங்கு. விறகுன்னு எழுதினது நான். மூணடிக்கு மேல இருந்தா அறுத்துடுவாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். ரேஞ்சருக்குப் பயந்துக்கினு எழுதினேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. மீன்களைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும் படிச்சிக்கீறேன். அன்னைக்கு பஸ்ஸு ஏறினதுமே பாஸைப் பிரிச்சுப் படிச்சேன். நம்ம கட்டையைப் போய் விறகுன்னு எழுதிக்கீறாரேன்னு கஷ்டமா இருந்துச்சு. விதி தெரிஞ்சுதான் எழுதியிருப்பாருன்னு அந்தக் காவக்காரரு அறுக்கும்போதே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் என் முன்னாடி அவரத் திட்டினீங்க? ஏன் மறுபடியும் என்கிட்டயே வந்தீங்க?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

"உங்களத் திட்டிட்டு நான் எங்க சார் போவேன்? பாஸு எழுதுறவரு நீங்க ஒருத்தர்தானே."